உடற்கூற்றியலும் இழையவியலும்: யாழ்ப்பாணத்து மாணவர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகி விரிவுரைகள் தொடங்கக் காத்திருப்போர், தாதியர் பயிற்சியில் இருப்போர், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிப்போர், சித்த மருத்துவ மாணவர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. பாடத்திட்டம் துறைக்குத் துறை வேறுபடும். உடல் ஒன்றுதான் என்பதால் விடைகளிற் பெரும்பகுதி எல்லோருக்கும் பொருந்தும்.

உடற்கூற்றியலையும் இழையவியலையும் ஏன் அடுத்தடுத்துப் படிப்பிக்கிறார்கள்? இரண்டும் வெவ்வேறு பாடங்கள் அல்லவா?

கால அட்டவணையில் அவை வெவ்வேறு பாடங்கள். உடலில் அப்படி ஒரு பிரிவு இல்லை. வெறுங்கண்ணால் பார்க்கும்போது உடற்கூற்றியல், அதே பொருளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கும்போது இழையவியல், அவ்வளவே. பிரெஞ்சு மருத்துவரான பிஷா, நுணுக்குக்காட்டியை நம்பாமல், உடல்களை அறுத்தும் அவித்தும் உலர்த்தியும் அமிலத்தில் இட்டும் பார்த்தே 21 வகை இழையங்களைப் பிரித்துக் காட்டினார். வெவ்வேறு உறுப்புகளில் ஒரே வகை இழையம் இருந்தால் அங்கெல்லாம் ஒரே வகை நோய் வரும் என்பதே அவர் கண்டுகொண்ட பெரிய விடயம். 1802இல் முப்பது வயதில் அவர் இறந்துவிட்டார். அந்தக் கருத்து இன்றும் நோயியலின் அடித்தளமாக இருக்கிறது.

நமது ஊரிலேயே இதற்கு உதாரணம் உண்டு. பல ஆண்டுகளாகப் பாக்கு மெல்லுபவர்கள் சிலருக்கு வாய் மெல்ல மெல்லத் திறக்க முடியாமல் இறுகிவிடுகிறது. பற்களும் தாடை மூட்டும் அதற்குக் காரணமல்ல. வாயின் உட்புறத்தை மூடியிருக்கும் கலப்படையான மேலணிக்குக் கீழே, அதைத் தாங்கி இணைக்கும் தொடுப்பிழையத்தில் கொலாஜின் நார்கள் மிகையாகப் படிந்து, மேலணியும் மெலிந்துபோவதே காரணம். அந்த மேலணியிலேயே பின்னர் புற்றுநோய் தோன்றும் ஆபத்தும் உண்டு. கன்னத்தின் தசைகளையும் நரம்புகளையும் பிழையின்றி ஒப்புவிக்கக்கூடிய மாணவர், அந்தக் கன்னத்தின் உட்புறத்தை எந்த மேலணி மூடியிருக்கிறது, அதன் கீழே என்ன இருக்கிறது என்பதை அறியாவிட்டால், இந்த நோயாளியின் வாய் ஏன் திறக்கவில்லை என்பதை விளக்க முடியாது.

உயர்தரத்தில் தமிழ்மொழியில் உயிரியல் படித்தேன். இங்கே எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. எப்படிச் சமாளிப்பது?

முதல் ஆறு மாதங்கள் கடினமாகவே இருக்கும், அதன்பின் பழகிவிடும். மேலணி, தொடுப்பிழையம், கசியிழையம், இழைமணி, கலன்கோளம், சிறுநீரகத்தி ஆகியவற்றை ஏற்கெனவே விளங்கிக்கொண்டுள்ள ஒருவருக்குப் புதிதாகக் கற்க வேண்டியது பெயர் மட்டுமே. பொருளும் தெரியாமல் பெயரும் தெரியாமல் தொடங்குபவரைவிட நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். உயர்தர உயிரியற் குறிப்புகளை எறிந்துவிடாமல் பக்கத்தில் வைத்திருங்கள். புதிய சொற்களிற் பெரும்பாலானவை இலத்தீன், கிரேக்க மொழிகளின் சிறு துண்டுகளால் ஆனவை. திரும்பத் திரும்ப வரும் துண்டுகளுக்கு ஒரு கொப்பி ஒதுக்கி எழுதிவந்தால், நீண்ட சொற்களைப் பார்த்தவுடன் ஊகிக்கும் திறன் ஒரு தவணைக்குள் வந்துவிடும்.

செய்முறை வகுப்பில் கேட்கும் கேள்விக்கு ஆங்கில வாக்கியம் அமையவில்லை என்பதற்காக வாயை மூடிக்கொள்வது நல்லதல்ல. பெயரை ஆங்கிலத்திலும் விளக்கத்தைத் தமிழிலும் சொன்னாலும், விடயம் தெரிந்தவர் என்பதைக் கேட்பவர் அறிந்துகொள்வார்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கல்வி எவ்வளவு காலமாக நடக்கிறது?

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் உள்ளூர் மாணவர்களுக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். 1860களில் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றிய அவர், உடற்கூற்றியல் உட்படப் பல துறைகளின் நூல்களைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. 1980களில் அங்கே உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை தாங்கிய ராஜினி திராணகம 1989 செப்டெம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். போர்க்காலத்தில் ஆசிரியர் பற்றாக்குறையோடும் மின்சாரம் இல்லாமலும் இந்தப் பாடத்தை இங்கே படித்து முடித்தவர்கள் இன்று பல நாடுகளில் மருத்துவராக இருக்கிறார்கள்.

கலத்தின் அமைப்பை மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

படிக்க வேண்டும், ஆனால் உயர்தரத்தில் படித்த முறையில் அல்ல. அங்கே எல்லாப் புன்னங்கங்களும் (கலத்துக்குள் தனித்தனி வேலை செய்யும் நுண்ணுறுப்புகளும்) ஒருங்கே நிரம்பிய ஒரு மாதிரிக் கலத்தை வரைந்து பெயரிட்டீர்கள். அப்படி ஒரு கலம் உடலில் எங்கும் இல்லை. இப்போது கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கலம் என்ன வேலை செய்கிறது, அந்த வேலைக்கு எந்தப் புன்னங்கம் மிகுதியாக வேண்டும், அது மிகுந்தால் ஸ்லைட்டில் கலம் எப்படித் தோன்றும் என்பதே.

இரைப்பையின் பின்னே இருக்கும் சதையி என்னும் சுரப்பியில், நொதியம் சுரக்கும் கலங்களை எடுத்துக்கொள்வோம். புரதம் தயாரிப்பது அவற்றின் தொழில் என்பதால், கலத்தின் அடிப்பகுதி புரதம் தொகுக்கப்படும் கரடுமுரடான அகமுதலுருச் சிறுவலையால் நிறைந்திருக்கும். அதிலுள்ள ஆர்.என்.ஏ. நீலச்சாயத்தைப் பிடிப்பதால் அடிப்பகுதி ஊதாநீலமாகவும், சுரப்பதற்காகச் சேமித்த நொதியச் சிறுமணிகள் நிறைந்த மேற்பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். இரைப்பையில் அமிலம் சுரக்கும் கலத்துக்கு மிகுந்த சக்தி வேண்டும்; சக்தியை உண்டாக்கும் இழைமணிகள் நிறைந்திருப்பதால் அது நன்கு சிவந்து தெரியும். அதன் பக்கத்திலேயே பெப்சினோசன் சுரக்கும் கலம் நீலமாக நிற்கும். அதிரீனற் சுரப்பியின் மேற்பட்டையில் ஸ்டீரொயிட் ஓமோன்களைத் தயாரிக்கும் கலங்களில் கொழுப்புத் துளிகள் இருந்த இடங்கள் வெறுமையாகிவிடுவதால் அவை வெளிறி, நுரைத்தாற்போல் தோன்றும். இந்த மூன்று உதாரணங்களையும் ஸ்லைட்டில் நேரே பார்த்து விளங்கிக்கொண்டவருக்குப் புன்னங்கங்களின் தொழில்களைத் தனியாக மனனம் செய்யும் தேவை பெரும்பாலும் இராது.

நான்கு அடிப்படை இழையங்களில் எதற்கு அதிக நேரம் கொடுப்பது?

மேலணி இழையத்துக்கு. தசை இழையத்தை ஒரு பிற்பகலில் விளங்கிக்கொள்ளலாம்: வன்கூட்டுத்தசையில் வரிகளும் ஓரத்தில் பல கருக்களும், இதயத்தசையில் வரிகளும் கிளைகளும் நடுவே கருவும் இடைபுகுந்த தட்டுகளும், மழமழப்பான தசையில் வரியில்லாத கதிர் வடிவக் கலங்களும் இருக்கும். நரம்பிழையம் எங்கே தோன்றினாலும் அடையாளம் காண எளிது. அதன் உள்விபரம் பின்னர் மூளையைப் படிக்கும்போது வரும். தொடுப்பிழையத்தில் கலங்களைவிட, அவற்றுக்கு இடையே நிரம்பியிருக்கும் பொருளான தாயத்தைக் கவனிக்க வேண்டும். அது இளகியதா, நாரடர்ந்ததா, கசியிழையத்தின் (குருத்தெலும்பின்) தாயம்போல மீள்தன்மை உள்ளதா, என்பில் உள்ளதுபோலக் கல்சியம் பொசுபேற்று படிந்து இறுகியதா என்பதே பெயரையும் தொழிலையும் தீர்மானிக்கிறது. கசியிழையத்துக்குள் குருதிக்கலன் இல்லை என்ற ஒரு விபரத்தை நினைவில் வைத்தால், முழங்கால் மூட்டுக் கசியிழையம் சேதமடைந்தால் ஏன் எளிதில் ஆறுவதில்லை என்பதும் விளங்கிவிடும்.

மேலணி அப்படியல்ல. ஏறக்குறைய ஒவ்வோர் உறுப்பையும் அடையாளம் காண்பதற்கான முதற்சாவி அதுவே. பெயரிடும் விதி எளியது: எத்தனை படை, மேற்பரப்பிலுள்ள கலத்தின் வடிவம் என்ன என்ற இரண்டும் போதும். படைகொண்ட மேலணியில் கீழேயுள்ள கலங்கள் எந்த வடிவில் இருந்தாலும், பெயர் மேற்படையின் வடிவத்தைக் கொண்டே அமையும். புதிய மாணவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். வாயு பரவ வேண்டிய சுவாசச் சிற்றறையில் எளிய செதின் மேலணி. உறிஞ்சவும் சுரக்கவும் வேண்டிய சிறுகுடலில் எளிய கம்ப மேலணி. உராய்வைத் தாங்க வேண்டிய களத்தில் (உணவுக்குழாயில்) படைகொண்ட செதின் மேலணி. அதே உராய்வோடு வெயிலையும் வறட்சியையும் எதிர்கொள்ளும் தோலில் அதன்மேல் கெரற்றின் படை. இடத்தைச் சொன்னால் மேலணியையும், மேலணியைக் காட்டினால் இடத்தையும் காரணத்தோடு சொல்லப் பழக வேண்டும். வாதனாளியின் (மூச்சுக்குழாயின்) போலிப்படை மேலணியில் எல்லாக் கலங்களும் அடிமென்சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்தாலும், கருக்கள் வெவ்வேறு மட்டங்களில் இருப்பதால் பல படைகள்போல் தோன்றும். சிறுநீர்ப்பையின் நிலைமாறும் மேலணியில், வெறுமையான பையில் மேற்படைக் கலங்கள் குவிந்தும், நிரம்பிய பையில் தட்டையாகவும் இருக்கும். ஆகவே ஒரே உறுப்பின் இரண்டு ஸ்லைட்டுகள் ஒன்றுபோல் இராவிட்டால் திகைக்க வேண்டாம்.

ஸ்லைட் எல்லாம் ஒரே இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. எதைப் பார்ப்பதென்றே விளங்கவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்காத முதலாம் வருட மாணவர் இல்லை. அந்த ஸ்லைட் எப்படி உருவானது என்பதை அறிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

எடுத்த இழையத்துண்டை அழுகவிடாமல் போமலினில் இட்டு நிலைப்படுத்துகிறார்கள். பின்னர் செறிவு கூடிக்கொண்டு போகும் அற்ககோல் கரைசல்களில் வரிசையாக இட்டு நீரை அகற்றி, சைலீனில் தெளிவாக்கி, உருகிய பரபின் மெழுகில் அமிழ்த்தி இறுகவிடுகிறார்கள். அந்த மெழுகுக் கட்டியை நுண்வெட்டி என்னும் கருவியால் ஏறத்தாழ 5 மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயமிடுகிறார்கள். வழக்கமான சாயங்கள் இரண்டு. ஹீமற்றொக்சிலின் மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கப்படுவது; அது டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. உள்ள இடங்களை ஊதாநீலமாக்கும். இயோசின் குழியவுருவையும் கொலாஜின் நார்களையும் இளஞ்சிவப்பாக்கும். எனவே நீங்கள் காணும் நிறம் உறுப்பின் நிறம் அல்ல, சாயத்தின் நிறம். ஈரலையும் சிறுநீரகத்தையும் நிறத்தால் வேறுபடுத்த முயல்வது வீண்வேலை. ஒரு தொகுதி ஸ்லைட்டில் கடுஞ்சிவப்பாக இருப்பது அடுத்த தொகுதியில் வெளிறியிருக்கும்.

இந்தத் தயாரிப்பு முறை சிலவற்றை அழித்தும் விடுகிறது. அற்ககோலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடுவதால், கொழுப்பிழையத்தில் கலத்தின் மெல்லிய ஓரமும் ஒதுக்கித் தள்ளப்பட்ட கருவும் மட்டுமே எஞ்சி, நடுப்பகுதி வெள்ளையாக இருக்கும். இழையம் சுருங்குவதால் உண்டாகும் வெடிப்புகளையும், வெட்டும்போது விழும் மடிப்புகளையும் உடலின் உண்மையான அமைப்பென்று வரைந்துவிடுவோரும் உண்டு.

அடுத்த சிக்கல் வெட்டுத்தளம். ஒரு முருங்கைக்காயைக் குறுக்கே வெட்டினால் வட்டமும், சரிவாக வெட்டினால் நீள்வட்டமும், நெடுக்கே பிளந்தால் இரண்டு கோடுகளும் தெரியும். ஓரத்தை மட்டும் சீவினால் உள்ளே பொள்ளல் இருப்பதே தெரியாது. சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் வளைந்து நெளிந்து ஓடுவதால், ஒரே வெட்டில் இந்த நான்கு தோற்றங்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். சில கலங்களில் கருவே இல்லாததுபோல் தோன்றுவதும் இதனால்தான்: கலம் 10 முதல் 20 மைக்ரோமீற்றர் இருக்கையில் வெட்டின் தடிப்பு 5 மட்டுமே என்பதால், வெட்டு கருவைத் தவறவிட்டுப் போயிருக்கும்.

பார்க்கும் ஒழுங்கும் முக்கியமானது. முதலில் ஸ்லைட்டை வெளிச்சத்துக்குப் பிடித்து வெறுங்கண்ணால் பாருங்கள். திண்மமான உறுப்பா, பொள்ளான குழாயா, ஓரத்தில் மேலணி உள்ளதா என்பது அப்போதே தெரிந்துவிடும். அடுத்ததாக மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் ஸ்லைட் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி, அதன்பின்னரே 10 மடங்கு, 40 மடங்கு வில்லைகளுக்குச் செல்லுங்கள். எடுத்தவுடன் 40இல் வைப்பவர் ஊரின் படம் பாராமல் ஒழுங்கைக்குள் நுழைந்தவராகிவிடுவார் என்பதோடு, வில்லையால் ஸ்லைட்டை உடைத்தும் விடுவார். அளவை மதிப்பிட எங்காவது ஒரு செங்குருதிக் கலத்தைத் தேடிக்கொள்ளுங்கள். அதன் விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரோமீற்றர் என்பதால், ஸ்லைட்டுக்குள்ளேயே ஓர் அளவுகோல் கிடைத்துவிடும்.

பரீட்சையில் வழக்கமாகக் குழப்பும் ஸ்லைட்டுகள் எவை?

சதையியும் கன்ன உமிழ்நீர்ச் சுரப்பியும் முதலிடம் பெறுகின்றன. இரண்டிலும் ஒரே மாதிரியான சுரப்புக் கொத்துகள் உண்டு. வெளிறிய இலங்ககானின் தீவுகள் தெரிந்தால் சதையி. வரிகொண்ட கான்களும் இடையிடையே கொழுப்புக் கலங்களும் தெரிந்தால் உமிழ்நீர்ச் சுரப்பி. தீவு தெரியவில்லை என்பதால் மட்டும் சதையி அல்ல என்று முடிவுசெய்துவிடக் கூடாது. வெட்டு விழுந்த இடத்தில் தீவு இல்லாமலும் இருக்கலாம்.

நிணநீர் உறுப்புகள் நான்கும் அடுத்த தொல்லை. உறையின் கீழே ஒரு குடா ஓடி, மேற்பட்டையில் புடைப்புகளும் நடுவே மையவிழையமும் இருந்தால் நிணநீர்க் கணு. மேற்பட்டை, மையவிழையம் என்ற பிரிவின்றி, சிவந்த பரப்பில் நீலத்திட்டுகளும் ஒவ்வொரு திட்டுக்குள்ளும் ஒரு சிறுநாடியும் இருந்தால் மண்ணீரல். புடைப்புகளே இல்லாமல், சிறுசோணைகளின் நடுவில் இளஞ்சிவப்பான ஹசல் துணிக்கைகள் இருந்தால் தைமஸ். ஓரத்தில் படைகொண்ட செதின் மேலணி உள்நோக்கி மடிந்து இறங்கினால் தொண்டை முளை. சிறுநீர்க்கானையும் விந்துக்கானையும் மேலணியே பிரித்துக் காட்டும்: முன்னதில் நட்சத்திர வடிவப் பொள்ளலும் நிலைமாறும் மேலணியும், பின்னதில் சிறிய பொள்ளலைச் சுற்றி மிகத் தடித்த தசைச்சுவரும் இருக்கும். தைரொயிட்டையும் பாலூட்டும் காலத்து முலைச்சுரப்பியையும் குழப்புவோர், கான்கள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். தைரொயிட்டுக்குக் கான் கிடையாது.

உறுப்புத் தொகுதிகளைப் படிக்கும்போது விபரங்கள் கைமீறிப் போகின்றன. சுருக்கவழி உண்டா?

ஒரு வரைவைக் கற்று, ஒவ்வோர் இடத்திலும் அது எப்படி மாறுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வதே வழி. களத்திலிருந்து பெருங்குடல் வரையுள்ள குழாயின் சுவரில் சீதப்படை, சீதப்படையின் கீழ்ப்படை, தசைப்படை, வெளிப்படை என்ற நான்கும் எங்கும் உண்டு. களத்தின் மேற்பகுதித் தசை வரித்தசை, கீழ்ப்பகுதித் தசை மழமழப்பானது. இரைப்பையில் தசைக்கு மூன்றாவதாக ஒரு சரிவுப் படை. முன்சிறுகுடலில் கீழ்ப்படைக்குள் சுரப்பிகள். சுருட்குடலில் நிணநீர்த் திட்டுகள். பெருங்குடலில் சடைமுளைகள் இல்லை. ஒரு குழாயின் முழு இழையவியலும் ஐந்தாறு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

சிறுநீரகத்தை இதற்கு நேர்மாறாக, கலத்திலிருந்து மேல்நோக்கிப் படிப்பது நல்லது. குருதியை வடிக்கும் மயிர்த்துளைக்குழாய்ச் சுருளான கலன்கோளத்தின் சுவரில் துளைகள் உண்டு. வெளிப்புறத்தில் அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் காற்கலங்களின் பாதங்கள் ஒன்றோடொன்று கோத்து இடைவெளி விட்டு நிற்கின்றன. இந்த வடியின் ஊடாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவம் வடிகிறது. சிறுநீராக வெளியேறுவது பொதுவாக ஒன்று முதல் இரண்டு லீற்றர் வரையே. எஞ்சியதை மீட்டெடுக்கும் வேலையிற் பெரும்பகுதி அண்மை மடிந்த குழாயினுடையது என்பதால், அதன் கலங்களில் தூரிகை விளிம்பும் ஏராளமான இழைமணிகளும் இருக்கின்றன. ஆகவேதான் ஸ்லைட்டில் அது நன்கு சிவந்து, பொள்ளல் தெளிவின்றித் தெரிகிறது. சேய்மைக் குழாயின் பொள்ளல் துலக்கமாக இருக்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் (கலன்கோளமும் அதன் குழாயும் சேர்ந்த அலகுகள்) உள்ளன என்ற எண்ணை இந்த இடத்தில் படித்தால் மறக்காது. தனியாகப் பட்டியலில் படித்தால் ஒரு கிழமைகூட நிற்காது.

எங்கள் பாடநெறியில் பூதவுடல் வெட்டிப் படிக்கும் வாய்ப்பு இல்லை அல்லது மிகக் குறைவு. என்ன செய்யலாம்?

உங்கள் உடலே கையில் இருக்கிறது. மார்பெலும்பின் மேற்பகுதியில் விரலை வைத்து இறக்கினால் ஒரு குறுக்கு மேடு தட்டுப்படும். அதன் இரு பக்கமும் இணைவது இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ணி இறங்கி, இடது ஐந்தாவது விலா இடைவெளியில் இதய முனையின் துடிப்பை உணரலாம். இடுப்பின் இரு பக்க எலும்பு விளிம்புகளையும் இணைக்கும் கோடு நான்காவது நாரி முள்ளந்தண்டென்பின் மட்டத்தில் செல்லும். வளர்ந்தவரில் முண்ணாண் அதற்கு மேலேயே முடிந்துவிடுவதால், முதுகில் ஊசியேற்றி முண்ணாண் பாய்பொருள் எடுப்பவர் அந்த மட்டத்தையே தேடுகிறார். பிட்டத்தில் ஊசி போட மேல்வெளிக் காற்பகுதியைத் தெரிவுசெய்வது, தொடையின் பின்புறம் இறங்கும் பெருநரம்பைத் தவிர்ப்பதற்காக. தாதியராகப் போகும் ஒருவருக்கு இவை நூறு படங்களைவிட மேலானவை.

சந்தையில் ஓர் ஆட்டு இதயமும் சிறுநீரகமும் வாங்கி மேசையில் வைத்து வெட்டிப் பார்ப்பதை நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். இடது இதயவறைச் சுவர் வலதைவிட எவ்வளவு தடிப்பானது, வால்வுகளைப் பிடித்திருக்கும் நாண்கள் எவ்வளவு உறுதியானவை என்பதைக் கைதான் கற்றுத்தரும். மனிதரில் எங்கே வேறுபடுகிறது என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்: ஆட்டுச் சிறுநீரகத்தின் மையவிழையம் ஒரே முகடாக ஒன்றியிருக்கும், மனிதரில் தனித்தனிக் கூம்பகங்கள் பல உண்டு. இரைப்பையைப் படிக்க மட்டும் ஆட்டை நாட வேண்டாம். அசைபோடும் விலங்குக்கு அது நான்கு அறைகள் கொண்டது.

பூதவுடல் உள்ள அறைக்குள் செல்லப் பயமாக இருக்கிறது. மயங்கி விழுந்துவிட்டால்?

சிலர் மயங்குவதுண்டு, அதைப் பலவீனமாக எவரும் கருதுவதில்லை. காலையுணவைத் தவிர்த்துவிட்டுப் போகாதீர்கள். தலை சுற்றினால் அப்படியே கீழே உட்கார்ந்துவிடுங்கள். முதல் நாள் கண்ணையும் மூக்கையும் எரிக்கும் போமலின் வாடை சில நாட்களில் பழகும். கண்வில்லை அணிபவர்கள் அன்று மூக்குக்கண்ணாடி அணிவது நல்லது. நீண்ட கை வைத்த வெள்ளை மேலங்கியைத் தனியாகத் தோயுங்கள்.

ஒழுக்கம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நமது ஊரில் ஒருவர் இறந்தால் ஈமக்கிரியையும் காடாற்றும் எட்டுச்செலவும் அந்தியேட்டியும் குடும்பத்தின் கடமைகள். உடலை மருத்துவ பீடத்துக்குக் கொடுத்தவரின் குடும்பம், அந்தக் கிரியைகளின் வழக்கமான ஒழுங்கை விட்டுக்கொடுத்து, உறவினரின் கேள்விகளுக்கும் முகங்கொடுத்திருக்கும். ஆகவே அந்த மேசையில் பகிடிக்கு இடமில்லை. கைபேசிப் படத்துக்கு அறவே இடமில்லை. பெயரையோ ஊரையோ ஊகித்துப் பேசுவதும் கூடாது. வெட்டியெடுத்த சிறு துண்டுகளையும் அதற்கென வைத்த பாத்திரத்திலேயே இட வேண்டும். கற்கை முடிந்தபின் அந்த உடலின் எல்லாப் பகுதிகளும் ஒன்றாக இறுதிக்கிரியைக்குச் செல்ல வேண்டியவை. உடற்கொடை செய்ய விரும்பும் பெரியவர்கள் உங்களிடம் விசாரித்தால், உயிரோடு இருக்கும்போதே உடற்கூற்றியல் துறையைத் தொடர்புகொண்டு எழுத்தில் சம்மதம் தெரிவிப்பதும், அதைக் குடும்பத்தாருக்கு அறிவித்து வைப்பதும் அவசியம் என்று சொல்லுங்கள். இறந்தபின் உடலை ஒப்படைப்பவர்கள் குடும்பத்தாரே.

புத்தகத்தில் உள்ளபடி உடலில் இல்லையே. எதை நம்புவது?

உடலை. முன்கையின் நடுவே ஓடும் நீண்ட உள்ளங்கைத் தசைநாண் சிலருக்கு ஒரு கையில் இல்லை, சிலருக்கு இரண்டிலும் இல்லை. பெருவிரல் நுனியையும் சிறுவிரல் நுனியையும் சேர்த்து மணிக்கட்டைச் சற்று மடக்கி, உங்கள் வகுப்பிலேயே பார்க்கலாம். நாடிகளின் கிளைகளில் இத்தகைய வேறுபாடுகள் இன்னும் மிகுதி. புத்தகம் பெரும்பான்மையைச் சொல்கிறது. சத்திரசிகிச்சை மேசையில் படுத்திருப்பவர் பெரும்பான்மையாக இருக்க வேண்டியதில்லை.

எந்தப் புத்தகம் வாங்குவது?

விளக்க நூல் ஒன்று, படநூல் ஒன்று, இழையவியலுக்கு ஒன்று. உடற்கூற்றியலில் பழைய பதிப்பும் போதும்; மூத்த மாணவரிடம் பாதி விலைக்கு வாங்கலாம். ஐந்து நூல்களின் மின்வடிவைக் கைபேசியில் நிரப்பி வைத்திருப்பதால் பயனில்லை.

மனனம் செய்யாமல் தேற முடியுமா?

முடியாது. ஆனால் மனனம் செய்யும் பளுவைப் பாதியாகக் குறைக்கலாம். ஊதாநிறம் ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று என இரண்டு வர்ணப் பென்சில்களை வாங்கி, பார்த்த ஒவ்வொரு ஸ்லைட்டையும் அன்றே வரையுங்கள். படநூலைப் பார்த்து வரைவதில் பயன் குறைவு. நரம்பின் பாதையைச் சொற்களாக ஒப்புவிக்காமல், அது காயப்பட்டால் என்ன நடக்கும் என்று கேட்டுப் படியுங்கள். குரல்வளைக்குச் செல்லும் இடது மீள்நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, பெருநாடி வில்லின் கீழாகத் திரும்பி மேலே வருகிறது. ஆகவே நெஞ்சுக்குள் வளரும் ஒரு கட்டி குரலை அடைக்கச் செய்யலாம். இப்படிப் படித்த பாதை மறப்பதில்லை.

மூத்த மாணவர்கள் நடத்தும் குப்பி வகுப்புகள் பரீட்சைக்குப் பேருதவி செய்பவை. செய்முறை வகுப்பைத் தவறவிட்டவருக்கு அவை ஈடாகமாட்டா. குழுவாகப் படிப்பதென்றால் மூவர் போதும்: ஒருவர் எலும்பைக் கையில் பிடித்துக் கேட்க, ஒருவர் சொல்ல, மற்றவர் புத்தகத்தில் சரிபார்க்கலாம்.

வாய்மொழிப் பரீட்சையில் ஸ்லைட் எதுவென்று தெரியாவிட்டால் என்ன சொல்வது?

உறுப்பின் பெயரை ஊகித்து எறிய வேண்டாம். கண்ணுக்குத் தெரிவதை ஒழுங்காகச் சொல்லுங்கள்: பொள்ளான உறுப்பு, உட்புறத்தில் எளிய கம்ப மேலணி, கிண்ணக்கலங்கள் மிகுதி, சடைமுளைகள் இல்லை, தசை இரண்டு படைகளாக உள்ளது. இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் அது பெருங்குடல் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் பரீட்சகர் அடுத்த கேள்வியை அங்கிருந்தே கேட்பார்.